மின்னிசைக் கருவியில் புதிய உறுப்புகள்

கச்சேரிக்கு அமரும் முன் வைணிகர் என்ன செய்கிறார் என்பதை நேயர்கள் பலரும் கவனித்திருப்பார்கள். ஒவ்வொரு தந்தியையும் மீட்டிப் பார்க்கிறார், பிருடையைத் திருகுகிறார், மெழுகின்மேல் பதித்த மெட்டுகள் இளகியுள்ளனவா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் ஈரக் காற்று விடாமல் வீசும் திருவனந்தபுரம் போன்ற ஊரில் இந்தக் கவனம் இன்னும் மிகுதியாக வேண்டியிருக்கிறது. வாத்தியத்தை வாங்குவது ஒரு நாள் வேலை. அதைப் பேணுவதோ ஆயுள் முழுதும் செய்ய வேண்டிய வேலை. இந்த உண்மை மரத்தாலும் தந்தியாலும் ஆகிய வாத்தியங்களுக்கு மட்டும் உரியதன்று. கணினிக்குள் எண்களாக இயங்கும் மின்னிசைக் கருவிக்கும் அது அப்படியே பொருந்தும். அக்கருவிக்குப் புதிய உறுப்புகளைச் சேர்ப்பது எப்படி, சேர்த்தவற்றை ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் கருவியின் இயல்பைத் தெரிந்துகொள்வது அவசியம். சிந்தஸைசர் என்பது மின்சாரத்தைக் கொண்டு ஒலியை உண்டாக்கும் கருவி. அதன் வகைகளுள் ஒன்று, தனித் தனி உறுப்புகளைச் சேர்த்து அமைப்பது. அவ்வுறுப்பு ஒவ்வொன்றையும் மாட்யூல் என்கிறார்கள். ஒரு மாட்யூல் அலையை எழுப்பும். இன்னொன்று அந்த அலையை வடிகட்டும். மூன்றாவது ஒலியைக் கூட்டும், குறைக்கும். நான்காவது ஒலி எவ்வளவு விரைவில் எழ வேண்டும், எவ்வளவு மெதுவாகத் தேய வேண்டும் என்பதை வகுக்கும். இவை ஒன்றோடொன்று இயல்பாக இணைந்தவை அல்ல. கம்பிகளைக் கொண்டு நாமேதான் இணைக்க வேண்டும். இணைக்கும் விதம் மாறினால் வாத்தியமே மாறிவிடும். இவ்வாறு இணைத்து முடித்த ஓர் அமைப்பைப் பாட்ச் என்பது வழக்கம்.

இத்தகைய கருவியை அமெரிக்கரான ராபர்ட் மூக் 1964-ஆம் ஆண்டில் உருவாக்கினார். அது நம் நாட்டுக்கு வந்த வரலாறு பலருக்குத் தெரியாது. 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிலையத்தில் மின்னிசைக் கூடம் ஒன்று அமைந்தது. டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசைக் கலைஞர் நேரில் வந்து மூக் கருவியை அங்கே நிறுவி, அதைக் கையாளும் முறையையும் கற்பித்தார். பக்வாஜ் வாசிப்பில் தேர்ந்தவரும், 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையின் இலக்கணத்தை எடுத்துரைத்தவருமான கீதா சாராபாய் அக்கூடத்தில் இசை அமைத்தார். அவரோடு வேறு சில இந்தியரும் அங்கே உழைத்தனர். எனினும் சில ஆண்டுகளுக்குள் அந்த முயற்சி ஓய்ந்துவிட்டது. பதிவான ஒலிநாடாக்கள் நிலையத்தின் காப்பகத்திலேயே பல்லாண்டுகள் கிடந்தன. பால் பர்காஸ் என்னும் பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்த பின்னரே, 1969 முதல் 1972 வரை அங்கே பிறந்த இசை 2023-இல் இசைத்தட்டாக வெளிவந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. விலையுயர்ந்த கருவி இருந்தது. அதைக் கையாளும் திறமையும் சிலரிடம் இருந்தது. ஆனால் அடுத்து வந்தோர் கைக்கு அந்த வேலை போய்ச் சேரவில்லை. எந்தக் கம்பி எங்கே போயிற்று, எந்தக் குமிழ் எந்த அளவில் நின்றது என்பவை அவ்வப்போது குறித்து வைக்கப்படாவிட்டால், கம்பியைக் கழற்றிய மறு நிமிடமே அந்த வாத்தியம் இல்லாமற் போய்விடும். பழைய மூக் கருவியிடம் நினைவாற்றல் கிடையாது. எண்முறைக் கருவியின் பெரும் அனுகூலம் அதற்கு நினைவாற்றல் உண்டு என்பதே. அந்த நினைவை நாம் மதித்து நடத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

மூக் கருவிக்குப் பின் பல அமைப்புகள் தோன்றின. அவற்றுள் ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் டோப்ஃபர் 1990-களின் நடுவில் வகுத்த யூரோராக் என்னும் அளவுமுறை உலகெங்கும் பரவியது. அதில் பல நிறுவனங்களின் மாட்யூல்களை ஒரே சட்டத்தில் பொருத்தலாம். ஆயினும் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஆயிரக் கணக்கில் ரூபாய் செலவாகும். இந்தச் சட்டத்தையும் மாட்யூல்களையும் கம்பிகளையும் கணினித் திரையில் அப்படியே தோன்றச் செய்யும் மென்பொருள் ஒன்றை ஆண்ட்ரூ பெல்ட் என்பவர் 2017-இல் வெளியிட்டார். அதன் பெயர் வி.சி.வி. ராக். 2021-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அடிப்படைப் பதிப்பு இலவசம். அதன் மூலநிரலையும் எவரும் படிக்கலாம். சாதாரணக் கணினி ஒன்று வைத்திருக்கும் மாணவர்கூட, ஒரு காலத்தில் தேசிய நிலையம் ஒன்று மட்டுமே வைத்திருக்கக்கூடிய கருவியைத் தம் மேசைமேல் பெறலாம் என்றாயிற்று.

"இக்கருவியால் நம் சங்கீதத்துக்கு என்ன பிரயோஜனம்?" என்று நேயர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. அதன் கட்டைகள் சமமாகப் பகுத்த ஸ்வரங்களில் நிலைத்தவை என்பதும், கமகத்துக்கு அவை இடம் தரமாட்டா என்பதும் அப்போது கூறப்பட்ட காரணங்கள். 1971-க்குப் பின்னரே அந்த விலக்கு ஓரளவு தளர்ந்தது. கட்டைகள் கொண்ட மின்னிசைக் கருவிகளுக்கும் இதே குறை பொருந்தும். ஆனால் மாட்யூல்களால் அமைந்த கருவிக்குக் கட்டை அவசியமில்லை. அதில் ஸ்வரத்தை நிர்ணயிப்பது மின்னழுத்தம். ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும் என்பது விதி. மின்னழுத்தத்தைப் படிப்படியாகவும் ஏற்றலாம், வழுக்கிக்கொண்டும் ஏற்றலாம். ஆகவே ஜாருவுக்கும் அசைவுக்கும் கருவியில் தடை இல்லை. தடை இருந்தால் அது நாம் சேர்க்கும் உறுப்பினால் வந்ததாகவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இந்த மென்பொருளில் பூஜ்யம் வோல்ட் என்பது நொடிக்கு ஏறக்குறைய 261.6 அதிர்வுகள் கொண்ட ஸ்வரம். நம் பாடகர் வழக்கில் சொன்னால் ஒரு கட்டைச் சுருதியின் ஷட்ஜம். ஷட்ஜத்தைப் போல் ஒன்றரை மடங்கு அதிர்வு உடையது சுத்தமான பஞ்சமம். அதற்கு வேண்டிய மின்னழுத்தம் 0.585 வோல்ட். பியானோ முறையில் பகுத்த பஞ்சமமோ 0.583. இந்த வேறுபாடு மிகச் சிறிது; காதில் எளிதில் படாது. ஆனால் அந்தர காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பூராவில் தானாக எழும் காந்தாரம் 0.322 வோல்ட், பியானோ முறையில் அது 0.333. இந்த வேறுபாட்டைப் பயின்ற செவி உடனே கண்டுகொள்ளும். ஸ்வரங்களைச் சமமாகப் பகுக்கும் மாட்யூலை அறியாமல் நடுவில் வைத்துவிட்டால், அந்தரம் ஒவ்வொரு முறையும் சற்றே உயர்ந்து ஒலிக்கும். குற்றம் கருவியினுடையது என்று எண்ணி நாம் அதை ஒதுக்கிவிடுவோம். அல்லது, அதைவிடக் கேடாக, அந்த ஒலிக்கே செவியைப் பழக்கிக்கொள்வோம். எந்த உறுப்பைச் சேர்க்கிறோம் என்பது எவ்வளவு முக்கியமானது என்பது இதனால் விளங்கும்.

இனிச் சேர்க்கும் முறைக்கு வருவோம். மென்பொருளை நிறுவியவுடனேயே அதனோடு சில அடிப்படை மாட்யூல்களும் வந்துவிடுகின்றன. அலையெழுப்பி, வடிகட்டி, பெருக்கி, ஸ்வரங்களை வரிசையாக மீட்டும் உறுப்பு முதலியவை அவை. இவற்றைக் கொண்டே ஒரு தம்பூராவை அமைத்துப் பார்க்கலாம். மந்திர ஷட்ஜத்துக்குரிய அழுத்தத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, வரிசை உறுப்பின் நான்கு குமிழ்களில் 0.585, 1, 1, 0 என்று அமைத்தால் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்னும் நான்கு தந்திகளின் முறை கிடைத்துவிடும். குமிழின்மேல் வலப் பொத்தானை அழுத்தி எண்ணை நேராகவே எழுதலாம். கண்ணளவில் திருகித் தடுமாற வேண்டியதில்லை. புதியவர்கள் குறைந்தது சில வாரங்களேனும் இந்த அடிப்படை உறுப்புகளோடு பழகிய பிறகே வேறொன்றைத் தேடுவது நல்லது.

தம்பூராவின் ஜீவாளி வேண்டும், சுருதி வகுப்பை நாமே எழுதிய கோப்பிலிருந்து படிக்கும் உறுப்பு வேண்டும் என்ற நிலை வரும்போது வெளியிலிருந்து உறுப்புகளைப் பெற வேண்டியிருக்கும். ஓர் ஆசிரியர் எழுதிய மாட்யூல்கள் பல ஒன்றாகக் கட்டப்பட்டு வருகின்றன. அந்தக் கட்டுக்குச் செருகுநிரல் என்று பெயர். இவற்றுள் பல வி.சி.வி. நூலகம் என்னும் பட்டியலில் அடங்கியுள்ளன. நூலகத்தில் உறுப்பினர் கணக்கு ஒன்றைத் தொடங்குவது முதற்படி. மென்பொருளின் மேற்பட்டியில் உள்ள நூலகம் என்னும் பிரிவில் அதே கணக்கைக் கொண்டு உட்புகுவது இரண்டாம் படி. வேண்டிய செருகுநிரலை நூலகப் பட்டியலில் தெரிந்தெடுத்து நம் கணக்கில் சேர்த்துக்கொள்வது மூன்றாம் படி. பின்னர் மென்பொருளுக்குத் திரும்பி, அதே பிரிவில் எல்லாவற்றையும் புதுப்பிக்கும்படி கட்டளை கொடுத்தால் அவை இறங்கும். இவ்வளவும் செய்துவிட்டு, "புதிய மாட்யூலைக் காணோமே" என்று திகைப்பவர்கள் பலர். மென்பொருளை ஒரு முறை மூடித் திறந்தால்தான் அது புதிய உறுப்புகளை ஏற்கும். திறந்த பின், சட்டத்தில் காலியாக உள்ள இடத்தில் வலப் பொத்தானை அழுத்தினால் கைவசமுள்ள மாட்யூல்கள் எல்லாம் படங்களாகத் தோன்றும்.

நூலகத்தில் இடம்பெறாத உறுப்புகளும் உண்டு. ஆசிரியரே நேராகத் தரும் அத்தகைய கோப்பை, மென்பொருள் தனக்கென வைத்துள்ள பயனர் கோப்புறைக்குள் இருக்கும் செருகுநிரல் கோப்புறையில் வைத்து, மென்பொருளை மீண்டும் திறக்க வேண்டும். கட்டை நாம் பிரிக்க வேண்டியதில்லை, மென்பொருளே பிரித்துக்கொள்ளும். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விண்டோஸுக்கு உரிய கோப்பு லினக்ஸில் இயங்காது. லினக்ஸுக்கு உரியது மாக்கில் இயங்காது. எதற்கு உரியது என்பது கோப்பின் பெயரிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அடுத்தது பதிப்பு எண். மென்பொருளின் பதிப்பு எண்ணும் செருகுநிரலின் பதிப்பு எண்ணும் முதல் இலக்கத்தில் ஒத்திருக்க வேண்டும். இரண்டாம் பதிப்பு மென்பொருள், ஒன்று என்று தொடங்கும் செருகுநிரலை ஏற்காது. இது பிடிவாதம் அன்று. உள்ளமைப்பு மாறிவிட்டபடியால் ஏற்பட்ட கட்டாயம்.

சேர்ப்பது எளிது, நிர்வகிப்பதே அரிது. நூலகத்தில் மாட்யூல்கள் ஆயிரக் கணக்கில் உள்ளன. பெரும்பாலானவை இலவசம் என்பதால் கண்டதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் ஆசை எழுகிறது. பாத்திரக் கடையில் புகுந்தவர் அடுப்புக்கு வேண்டியது எது என்பதை மறந்துவிடுவது போன்ற நிலை அது. கணினியின் வேலையை நினைத்துப் பார்த்தால் இதற்கு ஓர் அளவு வேண்டும் என்பது புலப்படும். ஒலியை நொடிக்கு 48,000 முறை கணக்கிடுவதாகக் கொண்டால், ஒரு முறைக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 21 பங்குக்கும் குறைவே. சட்டத்தில் உள்ள அத்தனை மாட்யூல்களும் தத்தம் கணக்கை அதற்குள் முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் ஒலி வெடித்து வெடித்து வரும். விசைப்பலகையில் எஃப்-3 என்னும் விசையை அழுத்தினால் ஒவ்வொரு மாட்யூலும் எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்ற கணக்கு அதன்மேலேயே தோன்றும். அதிகம் விழுங்குவதைக் கண்டறிந்து, தேவையில்லாத வேளையில் அதை மட்டும் இயங்காமல் நிறுத்தி வைக்கலாம். கணினியில் நிறுவியிருந்தாலும் சட்டத்தில் பொருத்தாத மாட்யூல் ஒலிக் கணக்கில் சேராது. எனினும் மென்பொருள் திறக்கும் நேரத்தையும், தேடும் நம் பொறுமையையும் அது குறைத்தே தீரும்.

வேண்டாத செருகுநிரலை நீக்கவும் ஒழுங்கு உண்டு. கோப்புறையிலிருந்து அழித்துவிட்டால் மட்டும் போதாது. நூலகக் கணக்கில் அது இருக்கும் வரையில், அடுத்த புதுப்பிப்பில் மீண்டும் வந்து நிற்கும். இரண்டு இடங்களிலும் நீக்க வேண்டும். புதிதாகச் சேர்த்த ஒன்றினால் மென்பொருள் திறக்காமலே போனால், பயனர் கோப்புறையில் உள்ள நிகழ்ச்சிக் குறிப்புக் கோப்பைத் திறந்து படியுங்கள். செருகுநிரல்கள் ஒவ்வொன்றாக ஏறிய வரிசை அதில் எழுதப்பட்டிருக்கும். எங்கே நின்றுபோயிற்றோ, அங்கேதான் பெரும்பாலும் பழுது. ஒரே நாளில் பத்து உறுப்புகளைச் சேர்த்தவருக்கு இந்தத் தேடல் தலைவலியாகும். ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சோதித்தவருக்கு ஒரு நிமிட வேலை.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதில் நாமே ஒரு முறை அகப்பட்டோம். நான்கு மாத உழைப்பில் அமைத்த தம்பூராப் பாட்ச் ஒன்றை வேறொரு கணினியில் திறந்தோம். அதில் சில செருகுநிரல்கள் இல்லை. இல்லாதவற்றின் பெயர்களை மென்பொருள் பட்டியலிட்டே காட்டியது. மாலையில் நிகழ்ச்சி, அவசரம். இருப்பதைக் கொண்டு சமாளித்து, பழக்க தோஷத்தால் அதே பெயரிலேயே சேமித்துவிட்டோம். இல்லாத மாட்யூல்களும், அவற்றில் நாம் வைத்திருந்த அளவுகளும், அவற்றை இணைத்த கம்பிகளும் கோப்பிலிருந்து அழிந்துபோயின. பாட்ச் கோப்பு என்பது உறுப்புகளின் பெயர்களையும் அளவுகளையும் இணைப்புகளையும் எழுதிவைத்த குறிப்பே தவிர, உறுப்புகளையே தன்னுள் கொண்டதன்று. இந்த எளிய உண்மையை நாம் விலை கொடுத்துக் கற்றோம். அன்று முதல் மூன்று விதிகளைக் கடைப்பிடித்து வருகிறோம். நிகழ்ச்சிக்கு முந்தைய ஒரு வாரத்தில் எதையும் புதுப்பிப்பதில்லை. புதுப்பிக்கும் முன் பயனர் கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைக்கிறோம். ஒவ்வொரு பாட்சுக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, பயன்படுத்திய செருகுநிரல்களின் பெயர், பதிப்பு எண், முக்கியமான குமிழ்களின் அளவு ஆகியவற்றைக் கையால் எழுதி வைக்கிறோம். மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்பட்டாலும் அந்த நோட்டுப் புத்தகம் அணைவதில்லை.

உறுப்புகளைத் தெரிந்தெடுக்கும்போது மனத்தில் கொள்ள வேண்டிய மற்றொன்று அவற்றின் உரிமம். மூலநிரல் வெளிப்படையாக உள்ள செருகுநிரலை, அதன் ஆசிரியர் கைவிட்டாலும், அறிந்த வேறொருவர் புதிய பதிப்புக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம். மூலநிரல் மூடியிருப்பதற்கு அந்த வழி இல்லை. மென்பொருள் முதற் பதிப்பிலிருந்து இரண்டாம் பதிப்புக்கு மாறியபோது சில உறுப்புகள் பின்தங்கிப்போயின. விலை கொடுத்து வாங்குவது தவறு என்று நாம் சொல்லவில்லை. நல்ல உழைப்புக்கு விலை உண்டு. ஆனால் பல்லாண்டு நிலைக்க வேண்டிய பாட்சின் நடுநாடியாக விளங்கும் உறுப்பு திறந்ததாக இருப்பது விவேகம். திருவனந்தபுரத்து மக்களுக்கு இந்தக் கருத்து புதிதன்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியச் சகோதர அமைப்பு 2001 ஜூலையில் இந்நகரிலேதான் தொடங்கி வைக்கப்பட்டது. கேரள அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வியும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நடைபெற்று வருகிறது. கணினியைப் பிரித்துப் பார்க்க அஞ்சாத மாணவர்கள் இங்கே நிறைய உண்டு.

இசையைப் பிரித்துப் பார்க்க அறிந்தவர்களும் இங்கே குறைவில்லை. 1939-இல் தோன்றி, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் தலைமை வகித்து நடத்திய பெருமை உடையது இந்நகரின் இசைக் கல்லூரி. இப்போது அது சுவாதித் திருநாளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. செவி பயின்ற மாணவரும் கணினி பயின்ற மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து, 0.322 வோல்ட்டுக்கும் 0.333 வோல்ட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சேர்ந்து கேட்டால், இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பார்கள். அகமதாபாத்தில் அரை நூற்றாண்டுக்கு முன் விட்டுப்போன இழையை எடுத்துத் தொடர்வதற்குப் பெரும் பொருட்செலவு இப்போது தேவையில்லை. தேவைப்படுவது அடக்கமான ஒழுங்கு: வேண்டியதை மட்டும் சேர்ப்பது, சேர்த்ததை அறிந்து வைப்பது, அறிந்ததை எழுதி அடுத்தவர் கையில் கொடுப்பது.

முதற் பாடமாக நேயர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். புதிய உறுப்பு எதையும் சேர்க்காமல், மேலே கூறிய நான்கு எண்களைக் கொண்டு தம்பூராவை ஒலிக்கச் செய்யுங்கள். வீட்டிலுள்ள உண்மைத் தம்பூராவை எடுத்து, சுருதி கூட்டி, அதனருகே வையுங்கள். இரண்டுக்கும் இடையே எது குறைகிறது என்று கேளுங்கள். குறைவது இன்னதென்று செவி சொல்லும் வரை பொறுத்திருந்து, அதன் பிறகு நூலகத்தைத் திறவுங்கள்.